கிருஷ்ணகிரி வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் வேண்டுமா?

தளியில் என் மனைவியின் அக்கா வீடு. 2022 டிசம்பரில் அவர்கள் மகளுக்குக் காதுகுத்து என்று முதல் நாள் ராத்திரியே குடும்பத்தோடு போய்விட்டோம். மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு, மாலையும் உதிரிப்பூவும் வாங்கி வரத் தேன்கனிக்கோட்டைக்குக் கிளம்பினேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துவிட்டது. கூடவே, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு கடகட சத்தம். நான்கைந்து விநாடியில் தானாக அடங்கியது. திண்ணையில் நின்றிருந்த சகலை, "என்ன சகலை, பெட்ரோல் வண்டி டிராக்டர் மாதிரி கத்துது?" என்றார்.

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு வாசலில் இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. காதுகுத்து முடிந்து பந்தியில் உட்கார்ந்தபோதும் அதே நினைப்புதான். அந்தக் காரில்தான் மாதம் ஒருமுறை அம்மாவைப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். அது நடுவழியில் நிற்கிற வண்டியாக மாறிவிடக் கூடாது.

எங்களுடையது 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். 2016 மாடல். 2019-இல், 48,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு இரண்டாம் கையாக வாங்கினோம். வாங்கியதிலிருந்து ஆயில் சர்வீஸை நாள் தவறாமல் செய்துவந்தேன். ஆனால் என்ன ஆயில் ஊற்றுகிறார்கள் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. 2022 மே மாதம், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, ஒகேனக்கல் போகலாம் என்று கிளம்பும் முன் ஊரில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். அங்கே இருந்தவர் முதன்முறையாக என்னிடமே கேட்டார். "சார், நம்ம ஊரு வெயிலுக்கு அஞ்சு முப்பது எல்லாம் தண்ணி மாதிரி. இருபது அம்பது ஊத்திடலாமா? என்ஜினுக்குக் கவசமாட்டம் நிக்கும். ரேட்டும் கம்மி."

அவர் சொன்னது 5டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்ற ஆயில் கிரேடுகளை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வெயில் 40 டிகிரியைத் தொடும் மே மாதத்தில் தண்ணீராக ஓடும் எண்ணெயைவிடக் கெட்டியாக நிற்கும் எண்ணெய் நல்லதுதானே என்று நினைத்தேன். சரி என்றேன். இன்னொன்றும் நடந்தது. 4 லிட்டர் கேனை உடைத்தவர், மிச்சம் வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று முழுவதையும் ஊற்றிவிட்டார். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

காதுகுத்து முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஓசூரில் சகலைக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். பல வருடம் தொழிற்சாலையில் என்ஜின் பூட்டும் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, பிறகு சொந்தமாகச் சின்ன ஒர்க்‌ஷாப் போட்டவர். பானெட்டைத் திறப்பதற்கு முன்னால், "புத்தகம் எங்க தம்பி?" என்று கேட்டார். வண்டியோடு வரும் கையேட்டைத்தான் கேட்டார். டேஷ்போர்டுப் பெட்டியில், பழைய ஓனர் வைத்திருந்தபடியே பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். பின்பக்க அட்டவணைகளைப் புரட்டி விரலை வைத்துக் காட்டினார். என் வண்டிக்கு 5டபிள்யூ-30. அளவு, பில்டரோடு சேர்த்து 3.1 லிட்டர். 20டபிள்யூ-50 என்ற பேச்சே அந்தப் பக்கத்தில் இல்லை. மூன்று வருடமாக அந்தப் புத்தகம் என் முழங்காலுக்கு எதிரே இருந்திருக்கிறது.

அடுத்து, ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். ஏழு மாதம் ஓடிய பிறகும் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. அளவுக்கு மேல் ஊற்றினால் கிராங்க் சாஃப்ட் என்ற என்ஜினின் முக்கியத் தண்டு சுற்றும்போது ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை பம்புக்குள் போனால் அழுத்தம் சரியாக நிற்காது, ஆவியாகிற ஆயில் இன்டேக் வழியாகப் போய் எரியவும் செய்யும் என்று விளக்கினார். குறைவாக இருந்தால் கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதிகமாக இருந்தாலும் கெடும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்த எண்களை அவர் விளக்கிய விதம் இன்னும் மனதில் நிற்கிறது. "காலைல குளிக்கப் போனப்ப தேங்கா எண்ணெய் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். தளியில் அன்று பாட்டிலுக்குள் உறைந்துதான் கிடந்தது. வெந்நீரில் வைத்து எடுத்தோம். என்ஜின் ஆயில் அப்படி உறையாது. ஆனால் குளிரக் குளிரக் கெட்டிப்படும். டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் எண் எவ்வளவு சிறியதோ, குளிர்ந்த நிலையில் ஆயில் அவ்வளவு வேகமாக ஓடும். பின்னால் இருக்கும் எண், என்ஜின் சூடேறி ஆயில் 100 டிகிரியில் இருக்கும்போது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது.

நமக்கு எதற்குக் குளிர்கால எண், இங்கே என்ன பனிமலையா இருக்கிறது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். 5டபிள்யூ என்பதை மைனஸ் 30 டிகிரியிலும் 20டபிள்யூ என்பதை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள் என்பது உண்மை. அந்தக் குளிர் தளிக்குக்கூட வராது. ஆனால் என்ஜினின் கணக்கில், ராத்திரி முழுக்க நின்ற வண்டி கிருஷ்ணகிரி மே மாதத்திலும் 'குளிர்ந்த' வண்டிதான். நம் வெயில்காலப் பகல் வெப்பமான 40 டிகிரியில் வைத்துப் பார்த்தாலே, 20டபிள்யூ-50 ஆயில் 5டபிள்யூ-30 ஆயிலைவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. விடிகாலை 15 டிகிரியில் அந்த வித்தியாசம் இன்னும் கூடும். ராத்திரி முழுக்க ஆயில் என்ஜினுக்கு அடியில் இருக்கும் தொட்டியான சேம்பரில் இறங்கிக் கிடக்கும். ஸ்டார்ட் செய்ததும் அது பம்பு வழியாக மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் சாஃப்ட், அதைச் சுழற்றும் டைமிங் செயின் வரை போய்ச் சேர வேண்டும். அது போய்ச் சேரும் வரை இரும்பும் இரும்பும் போதிய ஆயில் இல்லாமல் உரசும். அந்தச் சில விநாடிகளில் என்ஜின் தேய்கிறது. நான் கேட்ட கடகட சத்தம் அதுதான்.

சூடேறிய பிறகாவது கெட்டி ஆயில் நல்லதில்லையா என்று விடாமல் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் என் எண்ணத்தை முழுதாக மாற்றியது. வெளியே 15 டிகிரி இருந்தாலும் 40 டிகிரி இருந்தாலும், ஓடும் என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டைத் தெர்மோஸ்டாட் 90 டிகிரியை ஒட்டியே பிடித்து வைக்கிறது. ரேடியேட்டரும் ஃபேனும் இருப்பதே அதற்காகத்தான். தளி மார்கழியிலும் தருமபுரி சித்திரையிலும் நன்றாகச் சூடேறிய என்ஜினுக்குள் ஆயில் கிட்டத்தட்ட ஒரே வெப்பத்தில்தான் வேலை செய்கிறது. வெயிலால் கூடுவது கொஞ்சம். முழு லோடு போட்டு மேலுமலை ஏற்றத்தில் மிதித்து ஏற்றினால் கூடுவது அதைவிட அதிகம். 'நம்ம ஊரு வெயிலுக்கு' என்ற பேச்சு நாம் உணர்கிற வெயிலை வைத்து வந்த பேச்சு.

100 டிகிரியில் 30 என்ற கிரேடு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை இருக்க வேண்டும். 50 என்பது 16.3 முதல் 21.9 வரை. அதாவது சூட்டிலும் ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மடங்கு கெட்டி. பேரிங்குக்கும் சாஃப்டுக்கும் நடுவே விடும் இடைவெளியையும், ஆயில் போகும் துளைகளையும், பம்பின் அளவையும் 30 கிரேடின் கெட்டித்தன்மைக்கு ஏற்பத்தான் என் என்ஜினில் வடிவமைத்திருக்கிறார்கள். இப்போது வரும் என்ஜின்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி என்ற ஏற்பாடு இருக்கிறது. அது ஆயிலின் அழுத்தத்தை வைத்தே இயங்குகிறது. மெல்லிய வழிகளுக்குள் கெட்டி ஆயில் மெதுவாகப் போனால் அதன் வேலையும் தாமதமாகும். அதோடு கெட்டி ஆயிலைக் கடைந்து சுற்றுவதற்கே என்ஜின் கூடுதல் சக்தியைச் செலவழிக்கிறது.

டேங்க் நிரப்பும்போதெல்லாம் கிலோமீட்டரையும் லிட்டரையும் நோட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். கிருஷ்ணகிரி–பெங்களூர் ஒரே பாதையில், ஏசி போட்டு, லிட்டருக்கு 17.6 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, மே மாதத்துக்குப் பிறகு 17-ஐத் தொடவே இல்லை. சூளகிரி ஏற்றத்தில் பிக்கப் குறைந்ததையும் கவனித்திருந்தேன். வண்டிக்கு வயசாகிறது என்று நானாக ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். சரியான ஆயிலை ஊற்றி, பில்டரை மாற்றி, அடுத்த மூன்று டேங்க் கணக்குப் பார்த்ததும் 17.5-க்குத் திரும்பியது. காலைச் சத்தமும் போய்விட்டது.

கெட்டி ஆயில் நல்லது என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். அதைச் சொல்பவர்கள் யாரும் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை. அம்பாஸிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 சரியான ஆயில்தான். அந்த என்ஜின்களின் இடைவெளிகள் பெரியவை. அந்தக் காலத்து ஆயில்களும் சூட்டில் சீக்கிரம் நீர்த்துப் போகும். அப்போது தொழில் கற்ற கைகள் இன்றும் வேலை செய்கின்றன. இன்றைய 1.2 லிட்டர் என்ஜின் வேறு கணக்கில் செய்யப்பட்டது. என் நண்பர் ஒருவர் வாங்கிய புதுக் காரின் புத்தகத்தில் 0டபிள்யூ-16 என்று இருக்கிறது. அவர் அதைத் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று நினைத்து என்னிடம் காட்டினார். தப்பில்லை, அந்த என்ஜினுக்கு அதுதான் என்று சொன்னேன்.

ஒரு நியாயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில புத்தகங்களில் ஒரே கிரேடு இருக்காது. வெளி வெப்பத்துக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடுகளைப் பட்டை பட்டையாகப் போட்டுக் காட்டியிருப்பார்கள். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 இரண்டும் அனுமதி என்று இருந்தால், நான்கு பேரும் சாமான்களுமாக அடிக்கடி மலையேறுகிறவர்கள் 5டபிள்யூ-30-ஐ எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. அந்தப் படத்துக்குள் நின்று தேர்ந்தெடுப்பது வேறு, அதைத் தாண்டிப் போவது வேறு.

கிரேடு சரியாக இருந்தால் மட்டும் போதாது, கேனின் பின்பக்கம் இன்னொரு குறியீட்டையும் பார்க்க வேண்டும். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) என்ற மூன்று எழுத்துக்குப் பக்கத்தில் எஸ்என், எஸ்பி என்று இருக்கும். எஸ் என்று ஆரம்பித்தால் பெட்ரோல் என்ஜினுக்கு. அடுத்த எழுத்து ஆங்கில அகர வரிசையில் எவ்வளவு பின்னால் இருக்கிறதோ, அவ்வளவு புதிய தரம். எஸ்என் 2010-இல் வந்தது, எஸ்பி 2020 மே மாதம் வந்தது, எஸ்க்யூ 2025-இல் வந்தது. புத்தகத்தில் எஸ்என் என்று இருந்தால் எஸ்பி ஊற்றலாம், தலைகீழாகச் செய்யக் கூடாது. டர்போ பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் இதை அவசியம் கவனியுங்கள். குறைந்த வேகத்தில் திடீரென்று மிதிக்கும்போது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே தீப்பிடித்துப் பிஸ்டனை உடைக்கும் ஒரு கோளாறு இந்த என்ஜின்களில் உண்டு. அதைத் தடுக்கும் சோதனையும், டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் எஸ்பி தரத்தில் சேர்ந்திருக்கின்றன.

சிந்தெடிக்கா, செமி சிந்தெடிக்கா, மினரலா என்பது கடையில் முதலில் வரும் கேள்வி. என் பார்வையில் அது கடைசியாக வர வேண்டியது. 0டபிள்யூ, 5டபிள்யூ கிரேடுகள் பெரும்பாலும் சிந்தெடிக்காகத்தான் வருகின்றன. ஆகவே கிரேடைச் சரியாகப் பிடித்தால் இந்தக் கேள்வி பாதி தீர்ந்துவிடும். செமி சிந்தெடிக் என்றால் அதில் சிந்தெடிக் எத்தனை சதவீதம் என்று கேனில் எழுதியிருக்காது. செர்வோ, மேக், கேஸ்ட்ரால், ஷெல் என்று எந்தப் பெயராக இருந்தாலும், புத்தகத்தில் உள்ள கிரேடும் ஏபிஐ எழுத்தும் பொருந்தினால் எனக்குப் போதும். 'என்ஜின் புதுசாகும்' என்று தனியாகச் சின்னப் பாட்டிலில் விற்கும் மருந்துகளை வாங்குவதில்லை. தேவையான சேர்மானம் எல்லாம் நல்ல ஆயிலுக்குள்ளேயே இருக்கிறது.

இனி தொப்பூர் கதை. 2024 ஆவணி முகூர்த்தத்தில் சேலத்தில் ஒரு கல்யாணம். தருமபுரி தாண்டி, தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் வரும் சுங்கச்சாவடி வரிசையில் பிரேக் போட்டேன். ஆயில் விளக்கு சிவப்பாக ஒரு கணம் மின்னி அணைந்தது. இரண்டடி நகர்ந்து மறுபடி பிரேக். மறுபடி மின்னியது. பின்சீட்டில் அம்மா இருந்தார். கட்டணம் கட்டி வெளியே வந்ததும் லாரிகள் நிற்கும் அகலமான ஓரத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்தேன். ஐந்து நிமிடம் விட்டு டிப் ஸ்டிக்கை உருவினால், நுனியில் ஈரம்கூட இல்லை.

அந்த விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. அது எரியும்போது பேரிங்குக்குப் போதிய ஆயில் போகவில்லை என்று பொருள். பெட்ரோல் விளக்கு மாதிரி இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. பிரேக் போடும்போது மட்டும் மின்னினால், சேம்பரில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஆயில் முன்னால் ஓடிவிட, பம்பு காற்றை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். அதே சமயம், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை, அதுவும் இறக்கத்தில், அப்படியே ஆஃப் செய்துவிடாதீர்கள். பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். ஓரம் கட்டி, நின்ற பிறகு அணையுங்கள். தொப்பூர் இறக்கம் எப்படிப்பட்டது என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அதற்குள் இறங்கிய பிறகு இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் கை சில்லிடுகிறது.

பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, பக்கத்து லாரியில் இருந்து டிரைவர் அண்ணன் ஒருவர் இறங்கி வந்தார். ஸ்டிக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, கேபினில் இருந்து ஒரு கேனை எடுத்து வந்தார். 15டபிள்யூ-40, டீசல் என்ஜின் ஆயில். நான் தயங்கினேன். "இது லாரி ஆயில்ணா, என்னுது பெட்ரோல் வண்டி" என்றேன். "தெரியுது தம்பி. ஆயிலே இல்லாம ஓடுறதுக்கு இது மேல். சேலம் போய் வடிச்சிட்டு உன் ஆயில ஊத்திக்கோ" என்றார். ஒன்றரை லிட்டருக்கு மேல் பிடித்தது. பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போய் ஏறிக்கொண்டார்.

அவர் சொன்னது தொழில்முறையாகவும் சரி. அவசரத்துக்கு வேறு கம்பெனி ஆயிலைக் கலக்கலாம். ஏபிஐ தரச்சான்று உள்ள ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்க வேண்டும் என்பது அந்தச் சான்றுக்கான நிபந்தனைகளிலேயே இருக்கிறது. கிரேடு மாறினாலும், வறண்ட என்ஜினைவிட அது எவ்வளவோ பரவாயில்லை. ஆனால் லாரி ஆயிலைக் காருக்கு நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கூடாது. என் தாய்மாமா கிரானைட் லோடு லாரி ஓட்டியவர். லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓடும் லாரிக்கே இதுதான், உன் சின்ன வண்டிக்கு என்ன கேடு என்பார். கேடு கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு வரும். 5டபிள்யூ-30 போன்ற பெட்ரோல் கார் ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஏபிஐ வரம்பு வைத்திருக்கிறது. லாரி ஆயில்களில் தேய்மானத்தைத் தடுக்க அதைவிட அதிகம் சேர்க்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எரியும் ஆயிலோடு அந்தப் பாஸ்பரஸ் போய்ப் படிந்து, புகையைச் சுத்தப்படுத்தும் அந்தப் பாகத்தை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும். மாமாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க வண்டில அந்தப் பாகமே கெடையாதுடா அப்ப" என்றார்.

ஆயில் எங்கே போனது என்று சேலத்தில் பார்த்தார்கள். ஏழு மாதத்துக்கு முன் ஓசூர் போக நேரமில்லாமல் பக்கத்தில் ஓரிடத்தில் ஆயில் மாற்றியிருந்தேன். டிரெயின் போல்ட்டுக்கு அடியில் போடும் வாஷரை மாற்றாமல் பழையதையே போட்டு இறுக்கியிருந்தார்கள். அது சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. வீட்டு வாசலில் ஜல்லி கொட்டிக் கிடந்ததால் கறை தெரியவில்லை. சில ரூபாய்க்கு விற்கும் வாஷர் அது. இப்போதெல்லாம் ஆயில் வாங்கும்போதே பில்டரையும் வாஷரையும் சேர்த்து வாங்கி என் கையாலேயே கொடுத்துவிடுகிறேன். மாற்றிய மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துப் பார்க்கிறேன்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்டிக் பார்ப்பதும் அப்புறம் வந்த பழக்கம். சமதளத்தில் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் உருவி, துணியால் துடைத்து, மறுபடி முழுதாக உள்ளே விட்டு எடுக்க வேண்டும். இரண்டு கோட்டுக்கு நடுவே இருந்தால் சரி. நிறம் கறுப்பாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அழுக்கைக் கரைத்துத் தன்னோடு வைத்திருப்பது ஆயிலின் வேலை, அதனால் கறுக்கிறது. டீசல் வண்டியில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும்.

எப்போது மாற்றுவது? என் புத்தகத்தில் 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது. எங்கள் வண்டி வருடத்துக்கு 8,000 கூட ஓடாது. ஓடவில்லையே, இன்னும் ஆறு மாதம் தள்ளலாம் என்று முன்பெல்லாம் நினைப்பேன். ஆனால் அந்த ஓட்டத்தில் பெரும்பகுதி வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு என்று இரண்டு மூன்று கிலோமீட்டர். ஆயில் முழுதாகச் சூடேறுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. உள்ளே படியும் ஈரமும், எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். மழைக்காலத்தில் ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மோர் நிறத்தில் கொழகொழவென்று படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கூலண்ட் குறையாமல் இருந்து, மூடியில் மட்டும் அப்படி இருந்தால் பெரும்பாலும் இந்த ஈரம்தான். கூலண்டும் குறைந்தால், கூலண்ட் ஆயிலுக்குள் கசியாமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக ஓடும் வண்டிக்கு வருடக் கணக்குதான் முக்கியம். அத்துடன் எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு இருக்கிறது. காய் இறக்கும் நாட்களில் புழுதிப் பாதையில் தினமும் போய் வரும். அந்த சீசன் முடிந்ததும் ஏர் பில்டரைக் கழற்றிப் பார்த்துவிடுவேன். அதைத் தாண்டி உள்ளே போகும் மண்தூள் எந்த உயர்ந்த ஆயிலையும் இரும்பை அரைக்கும் பசையாக்கிவிடும்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு என் நண்பர் ஒருவரின் அனுபவம் உதவும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வந்த பிஎஸ்6 விதியில் டீசல் கார்களுக்கு டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி சேர்ந்தது. நண்பருடையது அப்படிப்பட்ட வண்டி. தருமபுரி டவுனுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒருநாள் ஸ்டிக் பார்த்தால் ஆயில் கூடியிருக்கிறது, ஊற்றாமலேயே எப்படிக் கூடும் என்று போன் செய்தார். வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க என்ஜின் அவ்வப்போது கூடுதல் டீசலைப் பாய்ச்சும். எரித்து முடிப்பதற்குள் வண்டியை அணைத்துவிட்டால் அந்த டீசல் ஆயிலில் கலந்துவிடும். அதனால்தான் அளவு ஏறியது. அவர் உடனே ஆயிலை மாற்றினார். இப்போது வாரம் ஒருமுறை கிருஷ்ணகிரி வரை நெடுஞ்சாலையில் விட்டு ஓட்டி வருகிறார். இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கரியை எரித்துவிடலாம், ஆயிலில் இருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது, வடிகட்டியிலேயே அடைத்துக்கொள்ளும். கேனில் ஏசிஇஏ (ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் சங்கம்) தரமான சி2, சி3 என்று பார்த்து வாங்குங்கள். சி3 தரத்தில் சாம்பல் 0.8 சதவீதத்துக்குள். பழைய ஏ3/பி4 தரத்தில் அது 1.6 வரை போகலாம். கிரேடு ஒன்றாக இருந்தாலும் இது வேறு ஆயில்.

கார் ஆயில் மிஞ்சினால் பைக்குக்கு ஊற்றுவதும் வேண்டாம். பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் அந்த ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருப்பதால் கிளட்ச் வழுக்கும். பைக்குக்கு ஜாசோ எம்ஏ என்ற ஜப்பானியத் தரக்குறியீடு போட்டிருக்கும் ஆயில்தான்.

போலி ஆயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லூஸில் விற்கும் ஆயிலை நான் தொடுவதில்லை. தெரிந்த கடையில் பில் போட்டு, சீல் உடையாத கேனாக வாங்கி, என் கண் முன்னால் உடைத்து ஊற்றச் சொல்கிறேன். 3.5 லிட்டர் கேனில் 3.1 போக மிஞ்சும் 400 மில்லியை மூடி டிக்கியில் வைத்துக்கொள்வேன், தொப்பூருக்குப் பிறகு அது இல்லாமல் வெளியூர் போவதில்லை. காலி கேனைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் ஆணியால் நான்கு இடத்தில் குத்தி, லேபிளையும் கிழித்துவிடுகிறேன். நல்ல கேன்தான் போலி ஆயில்காரனுக்கு முதலீடு. வடித்த பழைய ஆயிலை சாக்கடையிலோ தோப்பு ஓரத்திலோ ஊற்ற ஒர்க்‌ஷாப்பில் விடாதீர்கள். அதைச் சேகரித்து வாங்கிப்போக ஆள் இருக்கிறார்கள். எங்கள் தோப்புக் கிணறு இருக்கும் மண்ணில் அது இறங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இப்போது வண்டி 96,000 தாண்டிவிட்டது. ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவில் 200 மில்லி குடிக்கிறது. ஓசூர் அண்ணனிடம் கெட்டி கிரேடுக்குப் போகலாமா என்று கேட்டேன். இந்த அளவுக்கு வேண்டாம், குடிப்பது கூடிக்கொண்டே போனால் முதலில் காரணத்தைப் பார்ப்போம் என்றார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, கிலோமீட்டர், ஆயில் பெயர், கிரேடு, ஊற்றிய அளவு, மாற்றிய வாஷர் எல்லாம் எழுதியிருக்கிறேன். அதே 5டபிள்யூ-30. அடுத்தது வருகிற சித்திரையில், மாங்காய் இறக்க ஆரம்பிக்கும் முன்.